கைடு நாலு பேர் டேட்டாவை தூக்க சொல்றாரு, என் பொறுப்பு எது வரைக்கும்?

பாதிராத்திரி_டேட்டா:
வணக்கம், பிஎச்டி மூணாவது வருஷம், சைக்காலஜி, நினைவாற்றல் பத்தின எக்ஸ்பெரிமென்ட். அனாலிசிஸ் முடிஞ்சு பி-வேல்யூ (நிஜத்துல விளைவே இல்லைன்னாலும் இவ்ளோ வித்தியாசமோ இதை விட பெருசோ தற்செயலா வர வாய்ப்பு, வழக்கமா 0.05க்கு கீழ இருக்கணும்) 0.07 வந்துச்சு, கைடு பாத்துட்டு "இந்த நாலு பேர் தனியா விலகி நிக்கிறாங்க, தூக்கிட்டு ஓட்டிப் பாரு"ன்னாரு, ஓட்டினா 0.03. "அவ்ளோதான், பேப்பரை எழுது"ன்னுட்டு போயிட்டாரு. மெத்தட்ஸ் செக்ஷன் எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. நாலு பேரை எடுத்ததை ஒரு வரி எழுதலாமான்னு கேட்டதுக்கு "பேப்பரை மதிப்பிடற ரிவ்யூவருக்கு நாமளே எடுத்துக் குடுக்கணுமா"ன்னு சிரிக்கிறாரு. போதாததுக்கு வேற டிபார்ட்மென்ட்ல இருக்கற அவரோட நண்பர் பேரையும் ஆத்தரா சேர்க்கணுமாம், அவர் இந்த வேலைக்கு ஒரு மீட்டிங் கூட வந்ததில்ல. கெட்ட மனுஷன் இல்லைங்க, என் ஃபெலோஷிப் நின்னு போனப்போ ஆஃபீஸ் ஆஃபீஸா ஏறி வாங்கிக் குடுத்தவர், அதான் எதிர்த்துப் பேச வாய் வரல. அவர் சொன்னாரு நான் செஞ்சேன்னு விட்ரலாமா?

அவுட்லையர்_ஆசாமி:
கடைசி கேள்விக்கு பதில், விட முடியாது. ஆனா அவுட்லையரை, அதாவது மத்தவங்க கிட்டருந்து ரொம்ப விலகி நிக்கறவங்களை, எடுக்கறதே பாவம்னு நினைச்சுக்காதீங்க, எப்போ முடிவு பண்ணீங்க, எதை வெச்சு பண்ணீங்க, வெளிய சொன்னீங்களா, இவ்ளோதான் விஷயம். டேட்டாவை பாக்கறதுக்கு முன்னாடியே "இவ்ளோ நேரத்துக்கு மேல எடுத்தா சேர்க்க மாட்டோம்"னு எழுதி வெச்சிருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 0.07ஐ பாத்தப்புறம் யாரை எடுத்தா கீழ இறங்கும்னு தேடினா அது பி-ஹேக்கிங். 2011ல சிமன்ஸ், நெல்சன், சிமன்சோன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இதை கிண்டலாவே செஞ்சு காட்டினாங்க, ஒரு பாட்டைக் கேட்டவங்களுக்கு வயசே குறைஞ்சதுன்னு பேப்பர்ல "நிரூபிச்சாங்க", ஒரு நம்பர் கூட பொய் கிடையாது, எதை சேர்க்கறது எதை விடறது எப்போ நிறுத்தறதுன்னு இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டாங்க அவ்ளோதான். அந்த மாதிரி நாலு சலுகையை ஒண்ணா எடுத்துக்கிட்டா 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய் பாசிட்டிவ் (இல்லாத விளைவை இருக்குன்னு காட்டறது) 60 சதவீதத்துக்கு போகுதுன்னு சிமுலேஷன்ல காட்டினாங்க. சரி, உங்க நாலு பேர் விலகி நிக்க காரணம் ஏதாவது இருக்கா? லேப் நோட்டுல என்ன இருக்கு?

முதல்ல_டிகிரி:
நண்பா இதெல்லாம் படிக்க நல்லா இருக்கும். விஸ்கான்சின் மேடிசன் பல்கலைல ஒரு ஜெனடிக்ஸ் லேப் ஸ்டூடன்ட்ஸ், கைடு மானிய விண்ணப்பத்துல டேட்டாவை மாத்தியிருக்காங்கன்னு 2005ல புகார் குடுத்தாங்க. புகார் உண்மைதான், அந்தப் பேராசிரியை எலிசபெத் குட்வின் 2010ல கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. ஆனா அதுக்குள்ள லேப் மூடி, ஸ்டூடன்ட்ஸ்ல பலர் படிப்பையே விட்டாச்சு, சிலர் வேற இடத்துல பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. வைவா (தீசிஸோட வாய்மொழித் தேர்வு) முடியட்டும், அப்புறம் நேர்மையா இருந்துக்கலாம்.

போஸ்ட்டாக்_அக்கா:
டிகிரி தம்பி சொல்றது நடந்த கதைதான், மறுக்கல. ஆனா இன்னொண்ணும் நடந்திருக்கு. நெதர்லாந்துல டில்பர்க் பல்கலைல டீடரிக் ஸ்டாபெல்னு பெரிய பேர் வாங்கின சோஷியல் சைக்காலஜிஸ்ட், 2011ல அவர் மாட்டினதே மூணு இளம் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டு சொன்னதாலதான், அம்பதுக்கு மேல பேப்பர் வாபஸ் ஆச்சு. அவர்கிட்ட பிஎச்டி பண்ண பலருக்கு டேட்டாவை அவரே சேகரிச்ச மாதிரி கையில குடுத்திருக்காரு, நம்பி தீசிஸ் எழுதினாங்க. அவங்க உடந்தை இல்லைன்னு விசாரணைக் கமிட்டி சொல்லிடுச்சு, ஆனா அவங்க பேப்பரும் சேர்ந்துதான் போச்சு. உங்க நிலைமை அதை விட மோசம் தம்பி, நீங்க கையால எடுத்த டேட்டா, நீங்க ஓட்டின ப்ரோக்ராம், "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல உங்களுக்கு வழியே இல்ல.

ஆனா புகார் குடுங்கன்னு நான் சொல்லல. வாயை மூடிக்கறதுக்கும் புகாருக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்கு. ரெண்டு அனாலிசிஸையும் ஒரே டேபிள்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, "இது தப்பு சார்"னு ஆரம்பிக்காதீங்க, "ரிவ்யூவர் ரா டேட்டா கேட்டா என்ன சார் சொல்றது"ன்னு ஆரம்பிங்க. இப்போ டேட்டா கேக்கற ஜர்னல் நிறைய, அந்த பயம் அவருக்கும் இருக்கும். பேசிட்டு வந்ததும் அன்னிக்கே பேசினதை எழுதி அவருக்கு ஒரு மெயில். அதுக்கும் மசியலன்னா டாக்டரல் கமிட்டில நீங்க நம்பற ஒருத்தர்கிட்ட மெத்தட்ஸ் சந்தேகமா கேளுங்க.

ஆத்தர் விஷயத்துக்கு ஐசிஎம்ஜேஇன்னு மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேசக் கமிட்டி போட்ட விதி இருக்கு, மெடிக்கல் ஜர்னல்களுக்கு எழுதினது, மத்த துறைக்காரங்களும் எடுத்துக்கறாங்க. வேலைல கணிசமான பங்கு, எழுதறதுல இல்ல திருத்தறதுல பங்கு, கடைசி வடிவத்துக்கு சம்மதம், நாளைக்கு கேள்வி வந்தா பதில் சொல்ற பொறுப்பு, நாலும் வேணும், மூணு இருந்தா போதாது. சண்டையே வேணாம், ஜர்னலோட பங்களிப்பு ஃபார்மை அந்த நண்பருக்கு அனுப்பி "சார் உங்க பங்கை நீங்களே நிரப்பிடுங்க"ன்னு பணிவா கேளுங்க. பாதிப் பேர் அதோட காணாம போயிடுவாங்க.

பாதிராத்திரி_டேட்டா:
நோட்டை பாத்தேன். நாலுல ஒருத்தருக்கு நடுவுல சிஸ்டம் ஹேங் ஆகி திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருக்கேன், தேதியோட எழுதி இருக்கு. மத்த மூணு பேருக்கு ஒண்ணுமே இல்ல, மெதுவா பதில் சொல்லியிருக்காங்க அவ்ளோதான்.

அவுட்லையர்_ஆசாமி:
முடிஞ்சு போச்சு. ஹேங் ஆனவரை காரணத்தோட எடுங்க, பேப்பர்லயும் எழுதுங்க. மெதுவா யோசிக்கறது குத்தமா, அந்த மூணு பேரும் கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டு நேரம் குடுத்தவங்க, அவங்க இருக்கட்டும். கைடு "வேற மாடல் போட்டுப் பாரு"ன்னு அடுத்து கண்டிப்பா சொல்வாரு, போடுங்க, போட்டேன்னு எழுதிட்டு போடுங்க. ஒரிஜினல் ஃபைல் மேல கை வெக்காதீங்க, காப்பில வேலை பாருங்க. எந்த சாட்பாட்லயும் அந்த ஃபைலை ஏத்தி யாரை எடுக்கலாம்னு கேட்டுடாதீங்க, பங்கேற்றவங்க அதுக்கு சம்மதம் குடுக்கல.

முதல்ல_டிகிரி:
0.07ஓட எந்த ஜர்னல் எடுக்கும்?

அவுட்லையர்_ஆசாமி:
கஷ்டம்தான். பெரிய ஜர்னல் திருப்பி அனுப்பும், ரெண்டு மூணு இடம் சுத்தணும். தீசிஸுக்கு 0.03 தான் வேணும்னு எந்த விதியும் இல்ல, வைவால "ஏன் வரல"ன்னு கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்சா போதும்.

பாதிராத்திரி_டேட்டா:
மெயில் எழுதியிருக்கேன், பாத்து சொல்லுங்க. "சார், நீங்க தூக்க சொன்ன நாலு பேர்ல ஒருத்தருக்கு மட்டும்தான் நோட்டுல காரணம் இருக்கு. அவரை மட்டும் எடுத்து ஓட்டினதும், யாரையும் எடுக்காம ஓட்டினதும் இணைச்சிருக்கேன். ரெண்டையும் பேப்பர்ல குடுத்துடலாமா?"

போஸ்ட்டாக்_அக்கா:
"நீங்க தூக்க சொன்ன"வை "நாம நேத்து பேசின"ன்னு மாத்துங்க. மத்தபடி அனுப்பலாம். ஆத்தர் விஷயத்தை இதே மெயில்ல இழுக்காதீங்க, அது தனி நாள்.