மறு: "செயலிப் பயன்பாடு" வேண்டாம், "ஓயாக் காத்திருப்பு" என் பரிந்துரை

வணக்கம். எதிர்பார்ப்பது வந்துவிட்டதா என்று நிரல் நிற்காமல் பார்த்துக்கொண்டே காத்திருப்பதை ஆங்கிலத்தில் "பிஸி வெயிட்டிங்" என்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய நிரல்களில் இது அதிகம். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> பழைய டாஸ் கணக்கு மென்பொருளைப் பலர் பகிரும் சர்வரில் ஓட்டும்போது வரும் சிக்கலை "அதிகச் செயலிப் பயன்பாடு" என்றே எழுதிவிடலாமே?

கூடாது என்பேன். நீங்கள் செயலி என்பது கணினியின் பிராசசரை. ஆனால் இன்று நாளிதழ் படிக்கிற யாருக்கும் செயலி என்றால் கைபேசி ஆப்தான். பயன்பாடு என்பதையும் பலர் அதே பொருளில் எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்தால், யாரோ நாள் முழுக்க ஆப் பார்க்கிறார் என்றுதான் பொருள்படும். சிபியுவுக்குப் பாடநூல்கள் பழக்கிய "மையச் செயலகம்" இருக்கிறது. "மையச் செயலகச் சுமை" என்றால் குழப்பம் இல்லை.

ஆனால் சுமை என்பது விளைவு. காரணத்துக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததால், சர்வர் போதவில்லை என்று இன்னும் பெரியதை வாங்கிப் போடுகிறார்கள்.

கடை ஒன்றில் நான் கண்டது: பாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய பில்லிங், 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003, மையச் செயலகத்தில் நான்கு கோர், எல்லாரும் தத்தம் மேசையிலிருந்து டெர்மினல் வழியே அந்த ஒரே சர்வருக்குள். டாஸ்க் மேனேஜரில் "என்டிவிடிஎம்" (டாஸ் நிரலை விண்டோஸுக்குள் ஓட்டும் பகுதி) என்ற வரி ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எதிரே 25 சதவீதம், அதாவது ஒரு முழு கோர். நாலு பேர் மெனுவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலே 100 ஆகிவிடும். யாரும் ஒரு பில் கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். இயந்திரம் முழுவதும் அதற்கே சொந்தம். விசை அழுத்தியதை அறிய நிரல் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸைக் கேட்கும். அந்த அழைப்புக்கு இன்டரப்ட் 16எச் என்று பெயர், அதில் இரண்டு வழிகள் உண்டு. 00 என்று கேட்டால் விசை அழுத்தும்வரை நிரல் அங்கேயே நிற்கும். 01 என்று கேட்டால் "விசை வந்திருக்கிறதா" என்று பார்த்துவிட்டு உடனே திரும்பும். திரையின் மூலையில் கடிகாரம் ஓட வேண்டுமானால் 00 உதவாது. அதனால் அக்காலத்தில் பலர் 01-ஐச் சுழலில் போட்டு எழுதினார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்த கணினியில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. சர்வரிலோ ஒவ்வொரு சுழலும் ஒரு கோரை விழுங்குகிறது.

இனி பெயர். இதுவரை வந்தவற்றில் "சுறுசுறுப்பான காத்திருப்பு" ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, பாராட்டுப்போல ஒலிக்கிறது. "வீண் காத்திருப்பு" எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் இயங்குதளக் கருவுக்குள் (கெர்னல்) சுழல்பூட்டு (ஸ்பின்லாக், பூட்டு திறக்கும்வரை சுழன்றபடி காத்திருப்பது) இதே உத்தியைத்தான் கையாள்கிறது. வேறு பணிக்கு மாறித் திரும்பும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் குறைவென்றால் சுழல்வதே லாபம். அங்கே "வீண்" என்பது பிழை. கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "விழிப்புக் காத்திருப்பு" அழகுதான். ஆனால் உறங்கும் பணியை எழுப்புவதற்கு "விழிப்பு" நமக்குத் தேவைப்படும்.

என் பரிந்துரை "ஓயாக் காத்திருப்பு". அழியாப் புகழ், மாறாக் காதல் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. காத்திருக்கிறது, ஆனால் ஓயவில்லை என்பது மட்டும் புரிகிறது. இதன் எதிர்ச்சொல்லுக்கு "ஒதுங்கு காத்திருப்பு": மையச் செயலகத்தைப் பிறருக்கு விட்டு ஒதுங்கி நிற்பது.

எழுதிப் பார்த்தேன்: "நிரல் ஓயாக் காத்திருப்பில் இருக்கும்போது இன்டரப்ட் 2எஃப்எச், 1680எச் வழியே தன் நேரத்துண்டை விட்டுக்கொடுத்தால் சுமை இறங்கும்." (அந்த எண்கள், தன் முறைக்குரிய நேரத்தை விட்டுக்கொடுப்பதாக நிரல் விண்டோஸிடம் சொல்லும் அழைப்பு.) வாக்கியம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மூல நிரல் கையில் இல்லாதவர்களுக்கு, ஷார்ட்கட் பண்புகளில் உள்ள அமைப்பை இப்படி விளக்கலாம்: "ஓயாக் காத்திருப்பை விண்டோஸ் எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்ள வேண்டும்." பொறுப்பாளருக்கு இதை ஃபோனிலேயே சொல்லிவிடலாம்.

> "மரபு மென்பொருள்" பற்றி?

"லெகசி சாஃப்ட்வேர்" என்பதற்குப் "பழைய மென்பொருள்" போதும்.

ஆங்கிலத்தில் "போலிங்" எனும் அந்த 01 வேலைக்கும் ஒரு சொல் வேண்டும். "வினவல்" தரவுத்தளத்துக்குப் போய்விட்டது. அந்த 01 அழைப்பானது, விசையை எடுக்காமல், இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதால் "எட்டிப்பார்த்தல்" என்கிறேன். பேச்சுவழக்காக இருக்கிறதே என்று தயங்குபவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். மறுப்பு வராவிட்டால் மூன்றையும் விக்சனரியில் சேர்க்கிறேன்.