செலவு-வருமான விகிதம் குறைந்தால் வங்கி பெருத்தது லாபம் என்று சொல்லலாமா?

கோத்தகிரிப் பொண்ணு:
எம்.காம். ப்ராஜெக்டுக்கு அரசு வங்கிகளின் ஆண்டறிக்கைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2017-ல் ஸ்டேட் பேங்கோடு ஐந்து துணை வங்கிகள் சேர்ந்தன, 2020-ல் பத்து வங்கிகள் நான்காயின, பெரிதானால் செலவு குறையும் என்றார்கள். அதைச் சோதிக்க நிர்வாகச் செலவை வருமானத்தால் வகுத்தால் போதாதா? கைடு "இது பேரளவுச் சிக்கனம் (அளவு பெருகப் பெருக ஒவ்வொரு அலகு வேலைக்கும் ஆகும் செலவு குறைவது) ஆகாது" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்.

இலைக்கார அண்ணன்:
கைடு சொன்னது சரிதான் தங்கச்சி. செலவு 60 கோடி, நிகர வட்டியும் இதர வருமானமும் சேர்ந்து 100 கோடி என்றால் விகிதம் 60 சதவீதம். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுகிறது, கடன் வட்டி உடனே ஏறுகிறது, டெபாசிட் வட்டி ஆடி அசைந்து வருகிறது, வருமானம் 120 ஆகி விகிதம் 50-க்கு இறங்கிவிடும். கிளையில் ஒருத்தர்கூட கூடுதலாக ஒரு ஃபைலைப் புரட்டியிருக்க மாட்டார்.

நீ கேட்க வேண்டியது, வேலை 10 சதவீதம் கூடினால் செலவு எவ்வளவு கூடுகிறது என்று. 8 சதவீதம்தான் என்றால் 0.8, சிக்கனம் உண்டு. 1-ஐத் தாண்டினால் பெருத்ததே பாரம். நம்ம தேயிலை பேக்டரியில் டிரையரைச் சூடாக்க விறகு எப்படியும் எரியணும், இலை கூட வந்தால் கிலோவுக்கு விறகு குறையும், ஆனால் அந்த இலைக்காக லாரி எங்கெங்கோ சுற்றினால் மிச்சம் பிடித்தது டீசலுக்கே போய்விடும்.

கோத்தகிரிப் பொண்ணு:
அப்போ கிளை வாரியாகச் செய்யலாமா? குன்னூரையும் மேட்டுப்பாளையத்தையும் ஒப்பிட்டு?

ஓய்வுபெற்ற மேனேஜர்:
வேண்டாம்மா. 1000 மீட்டருக்கு மேலே ஊழியருக்கு மலைப்படி உண்டு, குன்னூர் செலவு அதனாலேயே கூடத் தெரியும். அது சோம்பேறித்தனம் இல்லை, விலை வித்தியாசம். இதற்காகத்தான் டிரான்ஸ்லாக் சமன்பாட்டில் (மொத்தச் செலவை வேலையின் அளவோடும் உள்ளீடுகளின் விலையோடும் மடக்கையில் இணைக்கும் சமன்பாடு) சம்பள விலையையும் வட்டி விலையையும் தனியாகப் போடுவார்கள். கம்ப்யூட்டர் செலவெல்லாம் தலைமை அலுவலகக் கணக்கில் கிடக்கும், கிளைக் கணக்கை நம்பினால் ஏமாந்துபோவாய். அப்புறம், டெபாசிட்டை உள்ளீடாக (கடன் கொடுப்பதற்கான கச்சாப்பொருளாக) எடுக்கிறாயா வெளியீடாகவா (வங்கி தரும் சேவையாக) என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடு, வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

எண்கணக்கு:
சமன்பாடு பயமாக இருக்கிறது என்று டி.இ.ஏ. (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், வங்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 0 முதல் 1 வரை திறமை மார்க் போடும் முறை) பக்கம் ஓடிவிடாதீர்கள். அரசு வங்கி இப்போது 12 தான். மூன்று உள்ளீடு, மூன்று வெளியீடு கொடுத்தால் பாதிப் பேருக்கு மேல் முழு மார்க் விழும், யாரும் யாரோடும் ஒப்பிட முடியாதபடி ஆகிவிடும். தனியார் வங்கிகளையும் சேர்த்துப் பத்து வருஷமாவது எடுங்கள். இணைப்பு நடந்தது 2020 ஏப்ரல் 1, ஊரடங்கின் நடுவில், அந்த ஒரு வருஷ எண்ணை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம்.

கோத்தகிரிப் பொண்ணு:
ஐயோ, நேற்று ராத்திரி அந்த டி.இ.ஏ.-வைத்தான் செய்தேன். 12-ல் 9 வங்கிக்கு 1 வந்தது. நம்ம வங்கிகள் எவ்வளவு திறமை என்று ஒரு பக்கம் எழுதியே முடித்துவிட்டேன்.