புதுப்பிப்பு: கானாடுகாத்தான் வளவுப் படம் சரியாக வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது முற்றமும் அதைச் சுற்றித் தூண்களும் உள்ள பகுதியை, படம் எடுத்தால் முற்றத்து வெயில் வெளுத்துவிடுகிறது, வெயிலுக்குச் சரிசெய்தால் தூண்கள் இருட்டில் போய்விடுகின்றன, என்ன வழி என்று. ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) மட்டும் மாற்றி, ஒரே காட்சியை இருட்டிலிருந்து வெளிச்சம்வரை பல படங்களாக எடுக்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. அப்படியே எடுத்தேன்.

அந்தப் படங்களை ஒன்றாகச் சேர்த்தது, 1997இல் டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில். அந்த முறை, ஒரே இடம் ஒவ்வொரு படத்திலும் என்ன மதிப்பில் பதிவாகிறது என்று பார்த்து, காட்சியின் ஒளி விகிதத்தையே கணக்கிட்டுத் தருகிறது.

ஆனால் இருட்டிலிருந்து வெயில்வரையான அந்த ஒளி வீச்சு முழுவதையும் சாதாரணத் திரை காட்டாதே! அதைச் சுருக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. ஒளியைச் சுருக்க எல்லாப் புள்ளிக்கும் ஒரே வளைகோடு போட்டால் படம் சப்பென்று ஆகிவிட்டது. துராண்ட், டோர்சி என்ற ஆய்வாளர்கள் 2002இல் சொன்ன பைலேட்டரல் வடிகட்டி முறை, பெரிய ஒளி வேறுபாட்டையும் நுண்விவரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, முதலாவதை மட்டும் சுருக்குகிறது. இப்போது நிலைவாசலில் கஜலட்சுமியின் விரல்கள் தெரிகின்றன, ஆத்தங்குடித் தரைக்கல்லில் வானத்தின் நீலமும் விழுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

எச்டிஆர் டிவி (அதிக ஒளி வீச்சைக் காட்டும் டிவி) வாங்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: 2004இல் சீட்சன் என்பவரின் ஆய்வுக் குழு எல்சிடி பலகைக்குப் பின்னால் எல்இடிகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் தனியாக மங்கவைத்துக் காட்டியது. இன்றைய லோக்கல் டிம்மிங் டிவிகள் அதே வழிதான். மண்டலங்கள் (தனியாக மங்கும் பகுதிகள்) அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குறைந்தால் இருட்டில் விளக்கைச் சுற்றி ஒளி கசியும்.