பழைய கணினிக்கு ஒய்ஃபை: ‘டாங்கிள்’ தமிழில் என்ன?

பாலக்கோடு ஆசிரியர் எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மாணவர் கையேடு அச்சுக்குப் போகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை ஒய்ஃபையோடு இணைப்பது அதில் ஒரு பாடம். அந்தக் கணினிகளில் கம்பி இணைப்புக்குத் துளை இருக்கும். அலையை வாங்க வழி இருக்காது. யூஎஸ்பி துளையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்றைச் செருகுகிறோமே, அதற்குத்தான் சொல் வேண்டும். ஒய்ஃபை அலையைப் பரப்பும் ரூட்டருக்குத் திசைவி, செருகிய பொருளைக் கணினி இயக்க உதவும் மென்பொருளான டிரைவருக்கு இயக்கி என்று எழுதிவிட்டேன். தருமபுரிக் கடைகளில் ‘டாங்கிள்’ என்றால் எடுத்துத் தருகிறார்கள்.

ஓசூர் அன்பர்:
தகவி. அடாப்டருக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். ‘தக்கார் தகவிலர்’ என்று வள்ளுவர் ஆண்ட அதே வேர். இதற்கு மேல் தேட வேண்டாம்.

பாலக்கோடு:
ஐயா, திசைவிக்கு மின்சாரம் தரும் அடாப்டரும் அதே பக்கத்தில் வருகிறது. இரண்டுமே தகவி என்றால் பையன் எதை எதில் செருகுவான்?

பென்னாகரம் அன்பர்:
இயக்கி என்றதும் நாஞ்சில் நாட்டு இசக்கியம்மன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறாள். சமணத்து இயக்கியே இசக்கி ஆனாள் என்பார்கள். கணினிக்குள் ஒரு பெண் தெய்வத்தை நிறுவச் சொல்கிறோம் என்பது மாணவர்களுக்குத் தெரியுமா?

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தெய்வத்தைப் பிறகு பார்ப்போம். அலைச்செருகி என்று வையுங்கள். மண்வெட்டி மண்ணை வெட்டும், அலைச்செருகி அலையைச் செருகுமா என்று கேட்க யாரேனும் காத்திருப்பீர்கள். ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்ற குறளைப் பாருங்கள். ஊரை உண்பதா ஊருணி? ஊரால் உண்ணப்படுவது. இகர விகுதி செயப்படுபொருளையும் தாங்கும். ஆகவே செருகப்படுவது செருகி. ஒன்று மட்டும்: சகர ஒற்றை விட்டுவிடாதீர்கள். அலைசெருகி என்று அச்சானால் இரண்டாம் வேற்றுமைத் தொகையாகி, அலையையே செருகச் சொன்னதாகிவிடும்.

கிருஷ்ணகிரி அன்பர்:
ஒற்று மிகுந்தாலும் மிகாவிட்டாலும் கடைக்காரருக்குப் புரியாது. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். மூன்றிலும் அது டாங்கிள்தான். தகடூர் அதியமானைச் சொல்லும் ஜம்பைக் கல்வெட்டே ‘ஸதியபுதோ’ என்று பிராகிருதத்தில் தொடங்குகிறது. அவனுக்கு இல்லாத தூய்மை நமக்கு எதற்கு?

ஓசூர்:
அது பட்டப்பெயர் ஐயா, பொருட்பெயர் அல்ல. அவன் கொடுத்த பொருளை, அந்தக் குகை உறைவிடத்தை, ‘பாளி’ என்றுதானே வெட்டியிருக்கிறார்கள்?

கிருஷ்ணகிரி:
பாளி எந்த மொழி என்று தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

காவேரிப்பட்டணம், கணினி பழுது பார்ப்பவர்:
பெயர் எதுவானாலும் சரி, கையேட்டில் இவற்றைச் சேருங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே வாங்கும். திசைவியில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் திரையில் வரவே வராது. பிள்ளைகள் பொருள் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கணினிப் பெட்டியின் பின்புறத் துளையில் செருகினால் இரும்புத் தகடு அலையை மறைக்கும். ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு மேசைமேல் வைத்தால் நன்றாக எடுக்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினியா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதைக் கைகழுவிவிட்டது. புதிதாக வரும் பலவற்றுக்கு அதில் ஓடும் இயக்கி கிடையாது. இயக்கி இல்லாமல் இணையம் வராது, இணையம் இல்லாமல் இயக்கியை இறக்க முடியாது. வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதுதான் வழி.

பாலக்கோடு:
மிக்க நன்றி, இதற்குத்தான் காத்திருந்தேன். ‘செருகியைத் துளையில் செருகுக’ என்று எழுதிப் பார்த்தேன்; நாக்கு தடுக்குகிறது. ‘பொருத்துக’ என்று மாற்றிவிட்டேன். முதல் இடத்தில் ‘டாங்கிள் எனப்படும் அலைச்செருகி’, பிறகு பாடம் முழுவதும் அலைச்செருகி. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

பென்னாகரம்:
மறுக்கத் தெம்பில்லை. சரி.

ஓசூர்:
தகவியே சரி என்பது பதிவில் இருக்கட்டும். மற்றபடி அச்சுக்கு அனுப்புங்கள்.

கிருஷ்ணகிரி:
எங்கள் பிள்ளைகள் ‘எனப்படும்’ வரை படித்துவிட்டுக் கடைக்குப் போவார்கள். எனக்கு அது போதும்.

அரூர்:
மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். அச்சகத்தார் அந்த ஒற்றைத்தான் முதலில் விழுங்குவார்கள்.