திருட்டு அலாரம்: பழுது பார்ப்பதா, வருட ஒப்பந்தம் போடுவதா?

வீட்டில் திருட்டு அலாரம் பொருத்தி நாலு வருடம் ஆகிறது. கடந்த மூன்று வாரமாக விடியற்காலை 3 மணி வாக்கில் தானாக அலறுகிறது, அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஒயர் இழுத்த 8 ஜோன் பேனல் (வீட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி). கதவுகளில் காந்த சென்சார் நாலு, கூடத்திலும் மாடிப்படியிலும் ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் பிஐஆர் சென்சார் ஒவ்வொன்று. 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை இதுவரை மாற்றவே இல்லை. ஒவ்வொரு முறையும் பேனல் காட்டுவது மாடிப்படி ஜோனைத்தான்.

பிஐஆர் வெப்ப மாற்றத்தைத்தான் பார்க்கும் என்பதால் லென்ஸைத் துடைத்தேன் (மூலையில் சின்னதாக ஒரு சிலந்தி வலை இருந்தது), உணர்திறனைக் குறைத்தேன், நாலு நாள் சத்தமில்லை, அப்புறம் மறுபடி அதே கதை. பேனலைத் திறந்து பார்த்தால் பேட்டரியின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருக்கிறது, மின்சாரத்தைத் துண்டித்து மீட்டர் வைத்தால் 11.6 வோல்ட்தான் வருகிறது.

பொருத்திக் கொடுத்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றி வருட ஒப்பந்தமும் போடச் சொல்கிறார்கள். அதில் பேட்டரி, சென்சார் எதுவும் சேராது, வந்து பார்ப்பதற்கு மட்டும்தான் பணம். இரண்டு வருடத் தொகையே அன்று பொருத்திய செலவைத் தாண்டிவிடும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பேட்டரியையும் மாடிப்படி சென்சாரையும் மட்டும் மாற்றினால் போதுமா?