எஃப்.ஆர்.4 ஹேர்பின் ஃபில்டர்: சிமுலேஷனில் 1176, பலகையில் 1140 மெகாஹெர்ட்ஸ்

நாகர்கோவில்_இசிஇ:
வணக்கம். குளச்சல் வள்ளங்களுக்கான நாவிக் (இந்திய வழிகாட்டிச் செயற்கைக்கோள்) எல்5 அலைவரிசை ரிசீவருக்கு ஹேர்பின் (யு வடிவ ரெசனேட்டர்) ஃபில்டர் செய்கிறோம். மையம் 1176.45 மெகாஹெர்ட்ஸ், பட்டை அகலம் 10 சதவீதம், 0.1 டெசிபல் சிற்றலையுள்ள செபிஷேவ் வகை, மூன்று ரெசனேட்டர் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் செம்புக் கோடு), 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 (கண்ணாடி இழைப் பலகை). ஓப்பன்இஎம்எஸ் மின்காந்த சிமுலேட்டரில் டைஎலக்ட்ரிக் மாறிலி 4.2 கொடுத்தோம். மெஷ் (கணக்கிடும் கட்டம்) எங்கும் 0.5 மி.மீ.; ரெசனேட்டர் இடைவெளியும் அதே 0.5. சிமுலேஷனில் எஸ்11-இன் (திரும்பி வரும் சிக்னல்) மூன்று பள்ளமும் தெளிவாக இருந்தன. பலகையில் மையம் 1140, இழப்பு 4.6 டெசிபல், எஸ்11 வெறும் −7. ரெசனேட்டர் கைகளை வெட்டிச் சரிசெய்யலாமா?

தக்கலை_ஆர்எஃப்:
வெட்டினால் மையம் மேலே ஏறும். கப்ளிங் (ரெசனேட்டர்களுக்கு இடையிலான பிணைப்பு) சரியாகாது தம்பி. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்க.

மையம் 3 சதவீதம் இறங்கியிருக்கு. அப்படியானால் உங்கள் ஷீட்டின் மாறிலி 4.5 பக்கம். சிமுலேஷனில் 4.5 போட்டு மையம் 1140-க்கு வருதா பாருங்க. வந்தால் ரெசனேட்டர் நீளத்தை 71 மி.மீ.யிலிருந்து 69-க்குக் குறைக்கணும். அடுத்த ஷீட் வேறு மாதிரி இருக்கும், அதனால் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு சோதனை ரெசனேட்டர் போட்டு வையுங்க.

கப்ளிங்குக்குக் காரணம் மெஷ். இடைவெளியில் ஒரே செல் இருந்தால் உலோக விளிம்பு அந்த செல்லுக்குள் நீண்டதுபோல் கணக்காகும், இடைவெளி குறுகியதாகத் தெரியும், கப்ளிங் கூடுதலாக வரும். இடைவெளிக்குள் நாலு செல்லாவது வையுங்க. மெஷ் கோடு சரியாக விளிம்பின்மேல் விழாமல், விளிம்பு செல்லை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு எனப் பிரிக்கும்படி நகர்த்துங்க. ஆற்றல் −50 டெசிபலுக்கு இறங்கும்வரை ஓட விடணும். முன்பே நிறுத்தினால் எஸ் வளைவில் பொய்யான நெளிவு வரும்.

முழு ஃபில்டரை ஆப்டிமைசரிடம் கொடுக்காதீங்க. இழப்பை அணைத்துவிட்டு இரண்டு ரெசனேட்டரை மட்டும் தளர்வான போர்ட்டுகளோடு ஓட்டுங்க. உங்களுக்கு வேண்டிய கப்ளிங் 0.092, இரு முகடும் சுமார் 109 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் இடைவெளிதான் சரியானது. பிறகு டேப் (சிக்னல் கோடு இணையும் இடம்) போட்ட ஒரே ரெசனேட்டர்: எஸ்11-இன் குரூப் டிலே (தாமதம்) உச்சம் 5.6 நானோ செகண்ட் வரும்வரை டேப்பை நகர்த்துங்க. வெளி க்யூ (போர்ட்டோடு உள்ள பிணைப்பைக் காட்டும் எண்) 10.3 அங்கே கிடைக்கும்.

மார்த்தாண்டம்_அளவி:
அண்ணாச்சி சொன்னதோடு எட்சிங்கையும் பாருங்க. 35 மைக்ரான் செம்பில் பக்கவாட்டு அரிப்பால் இடைவெளி விரியும். கல்லூரி இயற்பியல் லேபில் நகரும் நுண்ணோக்கி இருக்குமே, 0.01 மி.மீ. வரை அளக்கும். அளந்த எண்ணையே சிமுலேஷனில் போடுங்க, வரைபட எண்ணை அல்ல.

டேப் கடைசி இரண்டு ரெசனேட்டரையும் சற்றுக் கீழே இழுக்கும். நடுவில் உள்ளது இழுபடாது. மூன்றும் ஒரே நீளமாக இருந்தால் எஸ்11 கெடும். ஒவ்வொரு ரெசனேட்டரின் முனையிலும் ஒரு உள் போர்ட் வைத்து ஒருமுறை மின்காந்த சிமுலேஷன் ஓட்டி, சர்க்யூட் சிமுலேட்டரில் அங்கே சிறு கபாசிட்டர் சேர்த்து டியூன் பண்ணுங்க. கபாசிட்டர் மைனஸில் வந்தால் அந்தக் கையைக் குறைக்கணும், பிளஸில் வந்தால் நீட்டணும். விநாடியில் முடியும் வேலை.

நாகர்கோவில்_இசிஇ:
நன்றி அண்ணா. இவ்வளவும் செய்தால் இழப்பு எவ்வளவு வரும்?

தக்கலை_ஆர்எஃப்:
எஃப்.ஆர்.4-இல் ரெசனேட்டரின் சொந்த க்யூ (கூடினால் இழப்பு குறையும்) 50 தாண்டுவது கஷ்டம், மையத்தில் 2.8 முதல் 3 டெசிபல் போகும். எல்5-இன் 24 மெகாஹெர்ட்ஸுக்கே அகலத்தைக் குறைத்தால் 14 டெசிபல் ஆகிவிடும், அந்த ஆசை வேண்டாம். ஆன்டெனாவுக்கு அடுத்து எல்.என்.ஏ. (குறைந்த இரைச்சல் பெருக்கி), அதன் பின்னால் ஃபில்டர் வையுங்க. இரைச்சல் எண் அவ்வளவாக அதிகரிக்காது. செல்போன் டவர் பக்கத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் சிக்னல் எல்.என்.ஏ.வை அமுக்கினால்தான் முன்னால் வைப்பதைப் பற்றி யோசிக்கணும், அப்போது இழப்பு குறைவான ஆர்.ஓ.4350பி ஷீட் வாங்குங்க.

கடல் உப்புக்காகப் பூச்சு பூசப்போகிறீர்கள் என்றால் அதன் தடிமனை இப்போதே மாடலில் சேர்த்திடுங்க. பூசியதும் மையம் மறுபடி கீழே இறங்கும்.