பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிமாறிய பின் முகவரிச் சான்றில் சிக்கல்: எங்கிருந்து தொடங்குவது?

பார்வதிபுரம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்த நாங்கள், கடந்த மே மாதக் கடைசியில் நாகர்கோவில் பார்வதிபுரத்துக்குக் குடிமாறி வந்தோம். அங்கே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 27,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 31,000 கேட்டார்கள். மாதத்தில் நான்கு நாள் மட்டும் அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று கணவருடைய நிறுவனம் எழுத்தில் கொடுத்திருந்ததால், நான் பிறந்த மாவட்டத்துக்கே வந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். இங்கே அதைவிடப் பெரிய வீடு 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பெங்களூரில் மாலையில் ரயில் ஏறினால் ஓசூர், சேலம், மதுரை வழியாக மறுநாள் காலையில் இங்கே இறங்கிவிடலாம் என்பதால் அவருடைய பயணமும் பெரும்பாடாக இல்லை. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்த நாளில் லாரி வந்து சேர்ந்து, பாதிப் பெட்டிகள் நனைந்து போனதைத் தவிர வேறு குறை இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வீட்டு உரிமையாளர் கத்தாரில் இருக்கிறார். சாவியும் வாடகையும் அவருடைய மைத்துனரின் பொறுப்பு. அவர் 20 ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதித் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை எங்கே நீட்டினாலும் திருப்பித் தருகிறார்கள். பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்று ஆதார் மையத்தில் சொல்கிறார்கள். ஆதாரில் இந்த முகவரி இருந்தால்தான் இணைப்பு மாற்றித் தர முடியும் என்று கேஸ் ஏஜென்சியில் சொல்கிறார்கள். கேஸ் ரசீது இருந்தால் ஆதாரை மாற்றலாமே என்று மறுபடியும் ஆதார் மையத்தில் சொல்கிறார்கள். ஏழு வாரமாக மின்சார அடுப்பில்தான் சமைக்கிறேன். தோசைக்கல் அதில் ஒரு பக்கம் மட்டுமே சூடாகிறது என்பதை இங்கே சொல்லி என்ன பயன்! வாடகைக்கு வேண்டாம், மூன்றாண்டுக்கு ஆறு லட்சம் கொடுத்து ஒத்திக்கு எடுத்தால் பத்திரம் பதிந்து தருகிறேன் என்று மைத்துனர் இப்போது சொல்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. மகளை இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். டி.சி. கொடுத்த பழைய பள்ளி, கணினியில் அவள் பெயரை இன்னும் விடுவிக்கவில்லையாம். அவள் அங்கே கன்னடமும் இந்தியும் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். அடுத்தது, ஐந்து ஆண்டுப் பழைய கார் கர்நாடகப் பதிவெண்ணில் நிற்கிறது. கடனில் இரண்டு தவணை பாக்கி. இவற்றில் எதை முதலில் முடிப்பது என்று தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தக்கலைக்காரர்:

சகோதரி, நீங்கள் சிக்கியிருக்கும் சுழலில் நானும் சிக்கியவன். புனேயிலிருந்து வந்தபோது மூன்று மாதம் அலைந்தேன். வாடகை ஒப்பந்தம்தான் முதல் கதவு என்று நினைத்து அதையே தட்டிக்கொண்டிருந்ததுதான் என் தவறு.

ஆதார் ஆணையம் முகவரிக்கு ஏற்கும் ஆவணங்களில், ஆணையத்தின் சொந்தப் படிவத்தில் பெறும் சான்றும் ஒன்று. அந்தப் படிவத்தை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து அச்செடுத்து, பெயரையும் புதிய முகவரியையும் நிரப்பி, புகைப்படம் ஒட்டி, உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ வட்டாட்சியரிடமோ கையெழுத்தும் முத்திரையும் பெற்றால் போதும். வீட்டு உரிமையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் கவலை இல்லை. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியான பிறகு 52 வார்டுகள். உங்கள் தெரு எந்த வார்டு என்பதைக் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல அடுத்த வார்டு உறுப்பினரின் வாசலில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க நேரிடும். அந்தச் சான்று கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், வாங்கியதும் ஆதார் மையத்துக்குப் போய்விட வேண்டும். முதலில் உங்கள் கணவருடைய முகவரியை மட்டும் மாற்றுங்கள். அவருடையது மாறிய பின், குடும்பத் தலைவர் ஒப்புதல் என்ற முறையில் உங்களுடையதை இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்; உங்கள் விண்ணப்பத்துக்கு அவர் முப்பது நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும்.

ஒத்தியைப் பற்றி ஒரு சொல். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் எழுதித் தர உரிமையில்லாத மைத்துனருக்கு, ஒத்திப் பத்திரம் எழுதித் தர மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது? உரிமையாளர் கொடுத்த பதிவான அதிகாரப் பத்திரம் அவர் கையில் இருந்தால் இரண்டையும் பதியலாம். இல்லாவிட்டால் இரண்டுமே முடியாது. நம் மாவட்டத்தில் ஒத்தி தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று தெரியாமல், ஆறு லட்சத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அடுப்புக்கு இடைக்கால வழி ஒன்று உண்டு. 5 கிலோ சிறிய சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம். பெங்களூர் ஏஜென்சியில் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி வந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

பார்வதிபுரம் வாசகி:

மிக்க நன்றி அண்ணாச்சி. மாற்றுச் சீட்டு இருக்கிறது, வைப்புத்தொகையும் அங்கேயே திருப்பித் தந்துவிட்டார்கள். சிறிய சிலிண்டர் என்ற ஒன்றை அந்த ஏஜென்சியில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வடசேரி ஓய்வு ஆசிரியை:

மகளே, பள்ளி விவரத்தை நான் சொல்கிறேன். பழைய பள்ளி உன் மகளின் பெயரை, பள்ளிகளும் மாணவர்களும் பதிவாகும் யூடைஸ் தளத்தில் வெளியேறியவர்களுக்கான பெட்டிக்கு நகர்த்தினால்தான், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கொடுத்த எழுத்தருக்கு இது தெரியாமலே இருக்கலாம். மகளுடைய நிரந்தரக் கல்வி எண், டி.சி.யின் படம், புதிய பள்ளியின் யூடைஸ் எண் ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் பழைய பள்ளிக்கு அனுப்பு. கட்டணப் பாக்கி ஏதேனும் இருந்தால் அதைத் தீர்த்த ரசீதையும் சேர்த்துக்கொள். தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் நடக்காதது எழுத்தில் கேட்டால் நடக்கும்.

எட்டாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. இங்கே பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. ஓராண்டு தள்ளிப் போட்டிருந்தால் உன் பிறப்பிடத்தைக் காட்டி அந்தச் சான்றை வாங்க அலைந்திருப்பாய்.

இனி தமிழ். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். இந்த ஆண்டையும் சேர்த்துக் கையில் மூன்று கல்வியாண்டு இருக்கிறது, பயப்படாதே. கன்னடம் படித்து வந்த பிள்ளைகள் சிலருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். கன்னடத்தில் ககர வரிசை ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. நம்மிடம் ஒரே ஒரு க. அதனால் அந்தப் பிள்ளை தங்கம் என்பதைத் தங்க்கம் என்றும் பகல் என்பதைப் பக்கல் என்றும் வாசிக்கும். பேசும்போது சரியாகச் சொல்லும் சொல்லையே வாசிக்கும்போது அடையாளம் காணாது. நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவிடு: கல், பக்கம், தங்கம், பகல். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாக ஒலிக்கும். ங் என்ற மெல்லெழுத்தின் பின் வந்தால் அதிர்ந்து ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெலிந்து ஒலிக்கும். மற்ற வல்லினங்களிலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான். சகரம் மட்டும் சற்று வேறுபடும், அதைப் பழக்கத்தில் பிடித்துக்கொள்வாள். ழகரத்துக்குத் திணறினால், பழைய கன்னடத்திலும் இந்த எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்தது என்று சொல்லிப் பார். அவளுக்குக் கொஞ்சம் சமாதானமாக இருக்கும். வடசேரி பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பேருந்துப் பலகைகளை வாசிக்கச் சொல். ஆரல்வாய்மொழியும் குழித்துறையும் தங்குதடையின்றி வந்துவிட்டால் பாடப்புத்தகம் தானாக வரும்.

மார்த்தாண்டத்து வண்டிக்காரர்:

கார் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் அம்மா. வேறு மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால்தான் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் மே மாதக் கடைசியில் வந்ததைக் காட்ட லாரி வாடகை ரசீதின் நகல் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் கடனை அடைத்து, வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, கர்நாடகத்திலேயே ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள். அதன் பிறகு படிவம் 28 மூலம் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். போக்குவரத்து அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துக் கட்டிவிட வேண்டும். பெங்களூர் சிக்னல் கேமராக்கள் உங்களுக்குத் தெரியாமலே சிலவற்றை எழுதி வைத்திருக்கும். இங்கே வந்ததும் வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்ட வேண்டும். பார்வதிபுரம் என்றால் டி.என். 74, எங்கள் பக்கம் டி.என். 75. மறுபதிவு முடிந்த பின், கர்நாடகத்தில் முன்பு கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். பலர் அலுப்பில் அதை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பெங்களூர் ஏ மண்டலம், நாகர்கோவில் பி மண்டலம் என்பதால் சொந்தச் சேதத்துக்கான கட்டணம் சற்றுக் குறையும்.

ஓசூர் சாலைக்காரன்:

நானும் பெங்களூரிலிருந்து கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாடகையில் 16,000 மிச்சம் என்பது சரி, உண்மையில் கையில் நிற்பது எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

பார்வதிபுரம் வாசகி:

ஜூன், ஜூலை இரண்டு மாதக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். கணவருடைய ரயில் கட்டணமும் அங்கே நான்கு இரவு தங்கும் செலவும் சேர்ந்து 5,500 ரூபாய். பள்ளிப் பேருந்து அங்கே தேவைப்படவில்லை, இங்கே இரண்டு பிள்ளைகளுக்கும் 2,400. மேல் மாடியும் எங்கள் வீடும் ஒரே மின் இணைப்பில் இருப்பதால், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டி உயர்ந்த கட்டணத்துக்குப் போய்விடுகிறது. 100 யூனிட் இலவசமும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். வீடு பார்க்கும்போது தனி மீட்டரா, மின்வாரியத்தின் தனி இணைப்பா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்; எங்களுக்கு இருப்பது உள்மீட்டர் மட்டும். கையில் நிற்பது ஏறக்குறைய 7,000. குளச்சல் மீன் வண்டி தினமும் வாசலில் நிற்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வீடு தாழ்வான இடத்திலோ குளத்தங்கரையிலோ இருந்தால் மழைக்காலத்தில் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்; தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு, 2021 நவம்பர் வெள்ளத்தை இந்தத் தெருவில் இன்னும் பேசுகிறார்கள்.

பார்வதிபுரம் வாசகி (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைப் பதிவு செய்கிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவலாம். மாமன்ற உறுப்பினர் அரை மணி நேரத்தில் கையெழுத்திட்டுத் தந்தார். ஆதார் மையத்தில் முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். முத்திரை புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழவில்லை, தேதியும் எழுதவில்லை. புதிய படிவத்தில் இரண்டையும் கவனித்து வாங்கிப் போனபோது மறுப்பின்றி எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் கணவருடைய முகவரி மாறியது. அந்த ஆதாரைக் காட்டி மறுநாளே கேஸ் இணைப்பு வாங்கினோம். என்னுடைய விண்ணப்பத்துக்கு அவர் ரயிலில் இருந்தபடியே ஒப்புதல் கொடுத்தார்.

பழைய பள்ளிக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு நான்காம் நாள் பதில் வந்தது, பெயரை விடுவித்துவிட்டார்கள். அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று மைத்துனரிடம் கேட்ட பிறகு ஒத்திப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கார் கடன் அடுத்த மாதம் முடிகிறது. இணையத்தில் பார்த்ததில் மூன்று அபராதங்கள் நிலுவையில் இருந்தன. அவற்றுள் ஒன்று, வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் விழுந்தது. மூன்றையும் கட்டிவிட்டோம்.

மார்த்தாண்டத்து வண்டிக்காரர்:

நல்லது அம்மா. கட்டிய ரசீதுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் நிலுவை என்றே சில நாள் காட்டிக்கொண்டிருக்கும். அது மறைந்த பிறகு தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்தால் போதும்.